உங்க பிள்ளையோட சயின்ஸ் ப்ராஜெக்டை நீங்க செய்யாதீங்க (த்ரெட்)

1/
போன மாசம் ஒரு ராத்திரி. மணி பதினொன்னரை. தாலுகா அரசு மருத்துவமனை, அவசர சிகிச்சைப் பிரிவுல நான் டூட்டி. ஒரு அம்மா இடது கையில துண்டைச் சுத்திக்கிட்டு வந்தாங்க. துண்டு முழுக்க ரத்தம். "எப்படிம்மா ஆச்சு?"ன்னு கேட்டேன். "தெர்மாகோல் வெட்டும்போது பிளேடு வழுக்கிடுச்சு சார்." பின்னாடி ஆறாவது படிக்கிற பொண்ணு அழுதுக்கிட்டு நிக்குது.

2/
கட்டைவிரலுக்குக் கீழே நல்ல ஆழமான வெட்டு. நல்லவேளை, நரம்புக்கு ஒன்னும் ஆகல. நாலு தையல், ஒரு டிடி ஊசி. தையல் போடும்போது அந்த அம்மா கேட்ட ஒரே கேள்வி: "சார், சீக்கிரம் முடிஞ்சிடுமா? இன்னும் பெருங்குடல் ஒட்டணும், கலர் அடிக்கணும். காலையில கொண்டு போகலைன்னா மார்க் கிடையாதாம்."

வலியைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கல.

3/
செரிமான மண்டலம் மாடல். பேச்சுக் கொடுக்கலாமேன்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன். "பாப்பா, உன் கல்லீரல் எங்க இருக்கு? கை வெச்சுக் காட்டு." அது இடது பக்கம் கை வெச்சுச்சு. ஏன்னா புத்தகத்துப் படத்துல கல்லீரல் நம்ம இடது கைப் பக்கம்தான் தெரியும். படத்துல இருக்கிற ஆள் நம்மைப் பார்த்து நிக்கிறான். நம்ம உடம்புல அது வலது பக்கம், விலா எலும்புக்கு அடியில. இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு அரை நிமிஷம் ஆச்சு. மூணு ராத்திரி தெர்மாகோல் வெட்டியும் அந்தப் பிள்ளைக்கு இது தெரியல.

(யாருன்னு அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

4/
நேரா விஷயத்துக்கு வர்றேன். இன்னைக்கு நம்ம பிள்ளைங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வர்ற சயின்ஸ் ப்ராஜெக்ட், அசைன்மென்ட், ரெக்கார்ட் நோட்டு எல்லாத்துலயும் பெரும்பாலும் அறிவியல் இல்ல. அது பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இதுதான்: செய்யாததைச் செஞ்சேன்னு எழுது. பார்க்காததைப் பார்த்தேன்னு எழுது.

இதோட விலை என்னன்னு எனக்குத் தெரியும். ஒரு குழந்தை அந்த விலையைக் கொடுத்திருக்கும். கீழே சொல்றேன்.

5/
"இந்தக் காலத்துப் பிள்ளைங்க சோம்பேறி, எதையும் டைமுக்கு முடிக்கிறதில்ல"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. என் அக்கா பையன் எட்டாவது. ஒரு வெள்ளிக்கிழமை அவன் டைரியை வாங்கிப் பார்த்தேன். அறிவியல்: 20 வகை இலை சேகரிச்சு ஒட்டணும், ரெக்கார்டுல மூணு படம், பாடத்துக்குப் பின்னாடி இருக்கிற கேள்வி பதில் முழுசும் அசைன்மென்ட். சமூக அறிவியல்: சார்ட். கணக்கு: கன உருவங்கள் மாடல். தமிழ்: புலவர்கள் ஆல்பம். எல்லாம் அடுத்த வெள்ளிக்குள்ள. நடுவுல ரெண்டு டெஸ்ட்.

6/
ஒவ்வொரு டீச்சரும் தன் பாடத்துக்குச் "சின்ன வேலைதான்"னு நினைச்சுத்தான் கொடுக்கிறாங்க. மொத்தத்தையும் கூட்டிப் பார்க்கத்தான் ஆளே இல்ல.

ஆஸ்பத்திரியில ஒரு வயசானவருக்கு நாலு டாக்டர் தனித்தனியா மாத்திரை எழுதினா, கடைசியில யாராவது ஒருத்தர் உக்காந்து நாலு சீட்டையும் சேர்த்துப் பார்த்தே ஆகணும். இல்லைன்னா ஒவ்வொரு மாத்திரையும் சரியா இருக்கும், ஆனா அந்த ஆள் தலைசுத்தி விழுந்துடுவார். உங்க பிள்ளைக்கு நாலு சீட்டு இருக்கு. சேர்த்துப் பார்க்கிறது யாரு?

7/
தூக்கக் கணக்கும் பார்த்துடலாம். 6 முதல் 12 வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேணும். 13 முதல் 18 வயசுக்கு 8 முதல் 10 மணி நேரம். இது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியோட பரிந்துரை. காலையில ஸ்கூல் வேனுக்காக 6 மணிக்கு எழுந்திருக்கிற ஆறாவது பிள்ளை, ராத்திரி 9 மணிக்குப் படுத்தாத்தான் குறைஞ்சபட்சத் தூக்கமே கிடைக்கும். அந்தப் பொண்ணு பதினொன்னரைக்கு என் முன்னாடி நின்னுச்சு. பகல்ல படிச்சது மூளையில பதியறதுக்கே தூக்கம் வேணும். அதைப் பறிச்சு இலை ஒட்ட வைக்கிறோம்.

8/
அப்புறம் காசு. அந்த அம்மா ஒரு ஜவுளிக்கடையில வேலை பார்க்கிறாங்க. தெர்மாகோல், பெயிண்ட், பசை, கலர் பிரிண்ட் எல்லாம் சேர்த்து 340 ரூபாயாம். "ஒரு நாள் சம்பளம் சார்"னு சொன்னாங்க. வசதி இருக்கிற வீட்டுல கடைக்குப் போய் ரெடிமேடா எரிமலையோ இதயமோ சூரியக் குடும்பமோ வாங்கிடுறாங்க, பேர் எழுதி ஒட்டினா வேலை முடிஞ்சுது.

இந்த மார்க் புரிஞ்சதுக்கா, பர்ஸுக்கா? பெயிண்ட் காயாத மாடலைத் தூக்கிட்டு, ரெடிமேட் மாடலுக்குப் பக்கத்துல நிக்கிற பிள்ளை அன்னைக்குக் கத்துக்கிறது அறிவியல் இல்ல. தன் வீட்டு நிலைமையைத்தான்.

9/
இது யாரோட சதியும் இல்ல. நல்ல எண்ணத்துல ஆரம்பிச்சதுதான். 1993ல இயற்பியலாளர் யஷ்பால் தலைமையிலான குழு, சுமையில்லாமல் கற்கணும்னு அறிக்கை கொடுத்துச்சு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 29ஆவது பிரிவு, பிள்ளைங்க செயல்பாடு வழியாவும் தானே கண்டுபிடிச்சும் தேடியும் கத்துக்கணும்னு சொல்லுது. தமிழ்நாட்டுல 2012-13ல முப்பருவ முறை வந்தப்போ, 60 மதிப்பெண் தேர்வுக்கு, 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்குன்னு பிரிச்சாங்க. ஒரே ஒரு பரீட்சையை வெச்சு ஒரு பிள்ளையை எடை போடக் கூடாதுங்கிறதுதான் நோக்கம். எனக்கு இதுல ஒரு வரியோடவும் சண்டை இல்ல.

10/
ஆனா நடந்தது வேற. "செயல்பாடு" போய் "சப்மிஷன்" வந்துடுச்சு. செய்யுறது முக்கியமில்ல, கொண்டு வந்து வைக்கிறது முக்கியம்னு ஆயிடுச்சு. வகுப்புல நடக்க வேண்டியது வீட்டுக்கு வந்துச்சு. வீட்டுல பிள்ளை கையிலேர்ந்து அம்மா கைக்குப் போச்சு. அம்மாவுக்கும் முடியாதப்போ கடைக்குப் போச்சு. ஆய்வுக்கு அதிகாரி வந்தா அலமாரி நிறைய மாடல் இருக்கும். எல்லாருக்கும் திருப்தி. பிள்ளைக்குக் கல்லீரல் எந்தப் பக்கம்னு மட்டும் தெரியாது.

11/
இந்தப் பொய் வளர்ந்து எங்க போகும்? என் கதையையே சொல்றேன்.

+1, இயற்பியல் லேப். தனி ஊசல். ஒரு மீட்டர் நீளத்துல குண்டைத் தொங்கவிட்டு 20 அலைவுக்கு எத்தனை நொடி ஆகுதுன்னு பார்க்கணும். சரியாச் செஞ்சா கிட்டத்தட்ட 40 நொடி வரும். அதை வெச்சுப் புவிஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்குப் போட்டா 9.8 பக்கத்துல வரணும். எனக்கு 38 நொடி வந்துச்சு. திரும்பச் செஞ்சேன். மறுபடியும் 38. கணக்குப் போட்டா 10.9.

12/
லேப்ல சொன்னது: "9.8 வர்ற மாதிரி ரீடிங்கை மாத்திக்கோ. அடுத்த பேட்ச் வெயிட் பண்ணுது." விடையிலேர்ந்து பின்னாடி போய் ரீடிங் எழுதுறது எப்படின்னு பக்கத்து டேபிள் பையன் சொல்லிக்கொடுத்தான். 40.1, 40.2, 39.9. ரெக்கார்டுல பார்க்க அவ்வளவு அழகா இருந்துச்சு. முழு மார்க். வீட்டுல சந்தோஷம்.

13/
எனக்கு ஏன் 38 வந்துச்சுன்னு பல வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. குண்டைக் கையிலேர்ந்து விட்ட உடனே "ஒன்னு"ன்னு எண்ண ஆரம்பிச்சிருக்கேன். "பூஜ்யம்"னு ஆரம்பிச்சிருக்கணும். நான் "இருபது"ன்னு சொன்னப்போ ஊசல் 19 தடவைதான் ஆடி முடிச்சிருக்கும். 19 அலைவு, 38 நொடி. அளவு சரி, எண்ணினதுதான் தப்பு.

"ஏன்டா 38 வருது?"ன்னு அன்னைக்கு ஒருத்தர் கேட்டிருந்தா, அந்த வருஷம் முழுக்க நான் கத்துக்கிட்டதுலயே பெரிய அறிவியல் அதுவாத்தான் இருந்திருக்கும். யாரும் கேட்கல. நானும் கேட்கல. 10.9ஐ அழிச்சேன், அதுக்குள்ள இருந்த பாடமும் அதோட போச்சு.

14/
அதே பையன் ஹவுஸ் சர்ஜன் ஆனான். குழந்தைகள் வார்டு, ராத்திரி டூட்டி. கிட்டத்தட்ட 40 குழந்தைங்க. ஒவ்வொரு குழந்தையோட சார்ட்டுலயும் காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை எழுதணும். குழந்தைக்கு மூச்சை முழுசா ஒரு நிமிஷம் எண்ணணும். 40 குழந்தைக்கு 40 நிமிஷம். முந்தின நாளும் தூக்கமில்ல. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? வரிசையா எழுதினேன். 24, 26, 24, 28. பார்க்க அழகா இருந்துச்சு.

15/
அதுல ரெண்டு வயசுக் குழந்தை ஒன்னு. என் சார்ட்டுல 26. காலையில ரவுண்ட்ஸ் வந்த மேடம், குழந்தையோட சட்டையைத் தூக்கிட்டு, வாட்சைப் பார்த்துக்கிட்டு, ஒரு நிமிஷம் பேசாம நின்னாங்க. 58.

ஒரு வயசுலேர்ந்து அஞ்சு வயசு வரைக்கும் நிமிஷத்துக்கு 40ஐத் தொட்டாலே அது வேகமான மூச்சு. இருமலோட இருந்தா நிமோனியாவான்னு பார்க்கணும். உலக சுகாதார நிறுவனம் வெச்ச அளவு இது. எக்ஸ்ரே இல்லாத ஊர்லயும் கிராமச் செவிலியர் ஒருத்தர் வெறும் எண்ணிக்கையை வெச்சே ஒரு குழந்தையைக் காப்பாத்த முடியணும்னுதான் இப்படி வெச்சிருக்காங்க. அந்த எண்ணிக்கையைத்தான் நான் கற்பனையில எழுதியிருந்தேன்.

16/
ஆக்சிஜன் போட்டோம், ஊசி மருந்து ஆரம்பிச்சோம். குழந்தை பிழைச்சுக்குச்சு. என்னால இல்ல.

மேடம் கத்தல. "எண்ணினியா?"ன்னு மட்டும் கேட்டாங்க. "இல்ல மேடம்." "அப்போ காலியா விட்டிருக்கலாமே. காலியா இருந்தா அடுத்து வர்றவங்க எண்ணியிருப்பாங்க. நீ 26ன்னு எழுதிட்டா யார் மறுபடி எண்ணுவாங்க?"

17/
அந்த 26ஐ எழுத நான் வார்டுல கத்துக்கல. லேப்ல 40.1 எழுதினப்போ கத்துக்கிட்டேன். இன்னும் சரியாச் சொன்னா, அதுக்கும் முன்னாடி, ஆறாவதுல எங்கப்பா செஞ்ச காற்றாலை மாடல்ல என் பேரை எழுதி ஒட்டினப்போ கத்துக்கிட்டேன். எங்கப்பா பாசத்துலதான் செஞ்சார். அந்த அம்மாவும் பாசத்துலதான் கையை வெட்டிக்கிட்டாங்க. பாசத்துல செஞ்சாலும் பிள்ளை கத்துக்கிறது அதே பொய்தான்.

18/
"தப்பா வந்த ரிசல்ட்டுக்கு எப்படி சார் மார்க் போடுறது?"ன்னு கேட்பீங்க. ஒரு உண்மைச் சம்பவம். ஆஸ்திரேலியாவுல பெர்த் நகரம், 1982. ராபின் வாரன், பேரி மார்ஷல்னு ரெண்டு டாக்டர்கள். அப்போ அல்சருக்குக் காரணம் மன உளைச்சலும் அமிலமும்தான்னு உலகமே நம்புச்சு. இவங்க இரைப்பையில ஒரு கிருமியைப் பார்த்தாங்க, ஆனா ஆய்வகத் தட்டுல வளர்க்க முடியல. முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளோட மாதிரியில ஒன்னுமே வளரல. ரெண்டு நாள் பார்த்துட்டுத் தூக்கிப் போடுறது வழக்கம். ஈஸ்டர் லீவு வந்துச்சு, ஒரு தட்டு எடுக்கப்படாம கூடுதலா சில நாள் அப்படியே இருந்துடுச்சு. திரும்பி வந்து பார்த்தா கிருமி வளர்ந்திருக்கு.

19/
அதுதான் ஹெலிகோபாக்டர் பைலோரி. 2005ல அவங்களுக்கு நோபல் பரிசு. இன்னைக்கு எங்க ஓ.பி.க்கு வர்ற அல்சர்காரருக்கு அந்தக் கிருமி இருந்தா ஆன்டிபயாடிக் கொடுத்தே குணப்படுத்துறோம்.

அந்தத் தட்டு நம்ம ஸ்கூல் லேப்ல இருந்திருந்தா? "விதிமுறைப்படி ரெண்டு நாள்ல எடுக்கல, அஞ்சு மார்க் கட்." முன்னாடி தோத்த முப்பதுக்கும் ரெக்கார்டுல "வளர்ந்தது"ன்னு எழுதி, பக்கத்துல அழகா ஒரு படமும் வரைஞ்சிருப்போம்.

20/
இனி கமென்ட்ல வரப்போறதுக்கு இப்பவே பதில்.

"நீங்களும் இப்படிப் படிச்சுத்தானே டாக்டர் ஆனீங்க?" ஆமா. அதனாலதான் பயமா இருக்கு. மேலே 15ஐ மறுபடி படிங்க.

"அப்போ ப்ராஜெக்டே வேணாமா, வெறும் பரீட்சை போதுமா?" இல்லவே இல்ல. ப்ராஜெக்ட் வேணும். பிள்ளை செய்யுற ப்ராஜெக்ட் வேணும்.

21/
"டீச்சர்களைக் குறை சொல்றீங்களா?" டீச்சர்கள் கோபப்படுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். 40 பிள்ளை, நாலு செக்ஷன், 160 நோட்டு. அது போக எமிஸ்ல டேட்டா ஏத்தணும், ஊர்ப்பட்ட பதிவேடு எழுதணும். உங்களுக்கு ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் உக்காந்து பேச நேரமில்லைன்னு எனக்குத் தெரியும். நானும் ஒரு ஓ.பி.யில நூறு பேருக்கு மேல பார்க்கிறவன்தான். ஆனா நேரமில்லாதப்போ நான் என்ன செஞ்சேன்னு மேலே சொல்லிட்டேன். நேரம் இல்லைன்னா எண்ணிக்கையைக் குறைங்க. பத்து பொய்க்குப் பதிலா ஒரு உண்மை போதும்.

22/
பெத்தவங்களுக்கு. இந்த வெள்ளிக்கிழமையே ஆரம்பிக்கலாம்.

ஒன்னு: எல்லாப் பாடத்தோட வேலையையும், முடிக்க வேண்டிய தேதியோட, ஒரே தாள்ல எழுதி சுவத்துல ஒட்டுங்க. பிள்ளையே எழுதட்டும். மொத்தம் எவ்வளவுன்னு ரெண்டு பேருக்கும் முதல் தடவையா தெரியும்.

ரெண்டு: பெரிய வேலையைத் துண்டாக்குங்க. ஒரு நாளைக்கு அரை மணி நேரம். கடைசி ராத்திரிக்கு வெச்சா அது பிள்ளையோட வேலையா இருக்காது, உங்க வேலையாத்தான் ஆகும்.

மூணு: தூங்குற நேரம் வந்தா மூடி வெச்சிடுங்க. பாதியில இருந்தாலும் சரி.

23/
நாலு: முடியலைன்னா டைரியில உண்மையை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. "இவ்வளவுதான் அவளால முடிஞ்சுது. இது முழுக்க அவளே செஞ்சது." வெட்கப்பட ஒன்னுமில்ல. மேடம் என்கிட்ட கேட்ட அந்தக் காலிக் கட்டம் இதுதான்.

அஞ்சு: பிளேடு பிடிக்கிறது, அடுப்பு பத்த வைக்கிறது உங்க வேலை. யோசிக்கிறது, பார்க்கிறது, எண்ணுறது, எழுதுறது பிள்ளையோட வேலை. கோடு கோணலா இருந்தா இருக்கட்டும். பிள்ளையோட கை அப்படித்தான் இருக்கும்.

24/
செலவே இல்லாத ப்ராஜெக்ட் வேணுமா?

பச்சைப்பயறை மூணு கிண்ணத்துல போட்டு, ஒன்னுக்கு நல்ல தண்ணி, ஒன்னுக்கு உப்புத் தண்ணி, ஒன்னுக்குத் தண்ணியே இல்லாம வெச்சு, தினமும் எத்தனை முளைச்சுதுன்னு எண்ணச் சொல்லுங்க.

உக்காந்திருக்கும்போது ஒரு தடவை, மாடிப்படி ஏறி இறங்கினதும் ஒரு தடவை, வீட்டுல எல்லாரோட நாடித்துடிப்பையும் எண்ணச் சொல்லுங்க. பூஜ்யத்துலேர்ந்து.

வீட்டைச் சுத்தித் தேங்கியிருக்கிற தண்ணியில கொசுப்புழு இருக்கான்னு வாராவாரம் பார்த்து எழுதச் சொல்லுங்க. டெங்கு கொசு முட்டையிலேர்ந்து பறக்கிற கொசுவா மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒரு தடவை ஏன் தண்ணியைக் கொட்டணும்னு அந்தப் பிள்ளைக்கு அப்புறம் யாரும் சொல்ல வேண்டியதில்ல. தெருவுக்கே அது சொல்லும்.

25/
பள்ளிகளுக்கு மூணே மூணு வேண்டுகோள்.

ஒரு வகுப்புக்கு ஒரே காலண்டர். எல்லாப் பாட ஆசிரியரும் அதுல எழுதிட்டுத்தான் வேலை கொடுக்கணும். ஒரே வாரத்துல ரெண்டு ப்ராஜெக்ட் விழக் கூடாது.

முடிஞ்சவரை வகுப்புலயே, குழுவா, கிடைச்ச பொருளை வெச்சு செய்ய வைங்க. கடையில வாங்கின மாடலுக்கு மார்க் கிடையாதுன்னு முதல் நாளே அறிவிச்சிடுங்க.

மார்க் போடும்போது பளபளப்பைப் பார்க்காதீங்க. மூணு கேள்வி கேளுங்க: என்ன தெரிஞ்சுக்க நினைச்சே? என்ன பார்த்தே? எது நினைச்ச மாதிரி வரல? மூணாவது கேள்விக்கு நேர்மையா பதில் சொல்ற பிள்ளைக்கு அதிக மார்க்.

26/
அந்த அம்மா பத்தாம் நாள் தையல் பிரிக்க வந்தாங்க. புண் நல்லா ஆறியிருந்துச்சு. பொண்ணும் கூட வந்திருந்துச்சு. மாடலுக்கு "வெரி குட்" போட்டாங்களாம். அதைச் சொல்லும்போது அது என் முகத்தைப் பார்க்கல, அம்மா கையைத்தான் பார்த்துச்சு.

வரிசை நீளமா இருந்துச்சு. சும்மா உக்காந்திருக்காதேன்னு, மணிக்கட்டுல நாடி எங்க இருக்குன்னு காட்டி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அம்மாவோட துடிப்பை ஒரு நிமிஷம் எண்ணச் சொல்லிட்டுப் போனேன். முதல் துடிப்பைப் பூஜ்யம்னு எண்ணணும்னும் சொன்னேன்.

27/
கால் மணி நேரம் கழிச்சு வந்துச்சு. கையில ஓ.பி. சீட்டு, பின்பக்கம் பென்சில்ல நம்பர். "சார், மொதல்ல 84 வந்துச்சு. திரும்ப எண்ணினா 79. எதை சார் எழுதுறது?"

"ரெண்டையும் எழுதிக்கோம்மா. ஏன் மாறுச்சுன்னு யோசி."

இதைத்தான் அது ஸ்கூல்ல கேட்டிருக்கணும். இந்தப் பதில்தான் அங்க கிடைச்சிருக்கணும். நாளைக்கு உங்க பிள்ளை ஒரு நம்பரைக் கொண்டு வந்து "இது தப்பா வந்திருக்கே"ன்னு நிக்கும்போது, தயவுசெஞ்சு அதை மாத்தச் சொல்லாதீங்க. திரும்ப எண்ணச் சொல்லுங்க.

உங்க பிள்ளையோட ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்புல இதைப் போடுங்க. திட்டுறவங்க என்னைத் திட்டட்டும், பரவாயில்ல.